‘வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை மாதம் வேண்டும்?

இன்று ஐப்பசி 3. இதழ் ஒன்றுக்கு என் கட்டுரையை அனுப்பியது ஜூன் 18. எண்ணிப் பார்த்துவிட்டேன், 124 நாள் ஆகிறது. 800 சொல்லைத் தாண்டக் கூடாது என்றார்கள், 790-இல் முடித்தேன். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில்தான் வேண்டும் என்றார்கள். காரைக்குடி செக்காலை சாலைக் கடையில் தட்டச்சு செய்து வைத்திருந்தது பழைய எழுத்துரு, அனுப்பினால் அந்தப் பக்கம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். புகைப்படம், முகவரி, தன்குறிப்பு எல்லாம் இணைத்தேன். அவ்வளவுதான். கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்கும்.

வெளியிடவில்லை என்று நான் கத்தவில்லை. வந்ததையெல்லாம் வெளியிட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை, பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் அல்லவா? நான்கே எழுத்து!

அஞ்சல் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஒரு கடிதத்தைக் கொடுக்க முடியாவிட்டால் உறையின் மேல் காரணம் எழுதாமல் திருப்பக் கூடாது. ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருந்தது’, ‘இந்த முகவரியில் இல்லை’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். 50 காசு அஞ்சலட்டைக்கு இருக்கிற மரியாதை என் கட்டுரைக்கு இல்லை.

அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு அனுப்பும்போது சுயவிலாசமிட்டு, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைப்போம். காலையில் பையைப் பிரித்துக் கொட்டினால் நூறு உறைக்கு நடுவில் என் கையெழுத்து என்னையே பார்த்துச் சிரிக்கும். பிரிக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும். கூட வேலை பார்த்தவர்கள் “அண்ணே, உங்கள் கடிதம் உங்களுக்கே வந்திருக்கிறது” என்று கேலி செய்வார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அன்று மாலையே அதே கட்டுரை வேறொரு இதழுக்குக் கிளம்பிவிடும். இப்போது அதற்கும் வழியில்லை. ‘ஒரே நேரத்தில் வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது’ என்பது நிபந்தனை. எத்தனை நாளைக்கு என்று ஒரு கெடு வேண்டாமா? பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள்கூடப் பத்து நாளில் தரகரிடம் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பொய்யாகவே இருக்கட்டும், அது ஒரு பதில். இவர்களோ பதிலும் சொல்ல மாட்டார்கள், வேறு இடத்தில் பேசவும் விட மாட்டார்கள்.

காதல் கவிதை என்றால் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். நான் எழுதியது ஊருணியைப் பற்றி. செட்டிநாட்டு வீட்டுக் கூரையில் விழுகிற மழை வளவு வாசலில், அதாவது நடுமுற்றத்தில் இறங்கி, தெருவோரக் கால்வாயைப் பிடித்து, வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும். தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற சீமை இது, அதனால்தான் முன்னோர் வானத்துத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்தார்கள். இன்று தெருவுக்கு மேல் தெருவாகச் சிமென்டு போட்டு உயர்த்தியதில் பழைய கால்வாய்கள் புதைந்துபோயின. மிச்சம் இருந்ததன்மேல் படிக்கட்டும் கடையும் வந்துவிட்டன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதற்குள் அடைப்பை எடுக்க வேண்டும். இதை ஆடியில் சொன்னால் நாலு பேர் மண்வெட்டி எடுப்பார்கள். கார்த்திகையில் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆவணியில் பொறுக்க முடியாமல் தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று பேர் கைமாற்றி நான்காவதாக ஒரு இளைஞர் வந்தார்.

“பரிசீலனையில் இருக்கிறது, ஐயா.”

“எந்தக் கட்டுரை என்றே நீங்கள் கேட்கவில்லையே, தம்பி?”

“எல்லாமே பரிசீலனையில்தான் இருக்கிறது, ஐயா.”

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

வெளிவந்தால் மட்டும் நிம்மதியா? இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு இதழில் ஒன்று வந்தது. ‘ஆக்கிரமிப்பை அகற்றாமல் தூர்வாருவது ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே லாபம்’ என்று எழுதியிருந்தேன். அச்சில் ‘தூர்வாருவது அவசியம்’ என்று இருந்தது! தலைப்பு, ‘ஊருணிகளைக் காப்போம்’. ஒப்பந்தக்காரரே எழுதியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. நான் ஒப்புக்குத் தொடக்கத்தில் வைத்த குறள் மட்டும் ஒரு சீர் குறையாமல் தப்பித்திருந்தது. படைப்பைச் சிதைத்தால் கேட்கிற உரிமை எழுதியவனுக்கு உண்டு என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லி என்ன, ஒரு கட்டுரைக்காக வழக்கா போடுவது? சன்மானம் பற்றி யாரும் பேசவில்லை. நானே ஐந்து பிரதி காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம்.

எங்களுக்கு அச்சு மை புதிதல்ல. 1920-களில் ராய. சொக்கலிங்கம் ‘ஊழியன்’ இதழை நடத்தியதும், சொ. முருகப்பா ‘குமரன்’ இதழை நடத்தியதும் இந்தக் காரைக்குடியில்தான். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நாடக நோட்டீசு முதல் கல்யாணப் பத்திரிகை வரை குப்பைக்குப் போக வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்தார். அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தனியொருவர் அத்தனை துண்டுக் காகிதத்தையும் மதித்துப் பாதுகாத்தார். இங்கே ஓர் அலுவலகம், வந்த மின்னஞ்சலைத் திறந்து பார்க்க மாட்டேன் என்கிறது.

ஆள் இல்லை, நேரம் இல்லை, தினமும் மலைபோல வந்து குவிகிறது என்பார்கள். சரி. வங்கியில் ஒரு ரூபாய் நகர்ந்தால் உடனே கைப்பேசி அலறுகிறதே, அங்கே ஆளா உட்கார்ந்திருக்கிறார்? ‘கிடைத்தது. 15 நாளில் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம்’ என்று ஒரு தானியங்கிப் பதிலை ஒருமுறை எழுதிவைத்தால் போதும். சில இதழ்கள் அப்படிச் செய்கின்றன, அவர்கள் எத்தனை முறை நிராகரித்தாலும் நான் மறுபடி அவர்களுக்கு எழுதுவேன்.

நேற்று இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தேன். தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றது. ஊருணியில் படிக்கட்டின் அடிப்படிகூட நனையவில்லை. எதிர்வீட்டு ஆச்சி மாடிப்படியில் நின்றுகொண்டு, “என்ன தம்பி, எழுதுகிறேன் என்றீர்களே, எழுதவில்லையா?” என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

வந்த வேகத்தில் அந்த இதழுக்குத் தொலைபேசி போட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். வாய்மொழியாகச் சொன்னால் செல்லாதாம். மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டுமாம், அதே முகவரிக்கு. பரிசீலித்துப் பதில் சொல்வார்களாம்.