பாட்கெய்னைக் கொன்றது அந்தக் குண்டு இல்லை

மூன்று நாளாக மனசு ஒரு பழைய நாவலையே சுற்றி வருகிறது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ‘பாட்கெய்ன் ஆஃப் மார்ஸ்’. 1963-ல் புத்தகமாக வந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசிப் பக்கத்துக்குத்தான் போகும். அங்கே போனால் சண்டைதான். எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது, ஆனால் அது அந்த இரண்டு கட்சியிலும் சேராது. கதையின் முடிவை முழுசாகச் சொல்லித்தான் பேச முடியும், இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுப் படித்த பிறகு வாருங்கள்.

பாட்கெய்ன் செவ்வாயில் பிறந்து வளர்ந்த பெண். செவ்வாய்க் கணக்கில் எட்டு வயது சொச்சம். அங்கே ஒரு வருடம் என்பது நம்முடைய 687 நாள், ஆக நம் கணக்கில் பதினைந்து பதினாறு. பூமியைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பார்க்க மட்டும்தான். குடியிருக்க லாயக்கான இடமா அது என்று அவளுக்குச் சந்தேகம்! நாம் பிறந்த பூமியை இப்படி வெளியூர்க்காரி பார்வையில் பார்க்க வைத்ததுமே நான் விழுந்துவிட்டேன். அவளுடைய இன்னொரு ஆசைதான் பெரியது. விண்கலத்தின் கேப்டன் ஆக வேண்டும். முதல் பெண் கேப்டனாகி ஒரு ஆய்வுப் பயணத்தை நடத்திப் போக வேண்டும் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். நாவல் முழுக்க அந்த டைரிதான். நடுநடுவே தம்பி கிளார்க் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிவைத்த குறிப்புகள் வரும். மகா புத்திசாலி, யார் மேலும் பாசம் இல்லாத பையன்.

அம்மா பெரிய கட்டுமானப் பொறியாளர், அப்பா சரித்திரப் பேராசிரியர். குடும்பத்தோடு பூமிக்குப் போவதாக இருந்த திட்டம் ஒரு குழப்பத்தால் நின்றுபோக, அக்காவும் தம்பியும் மட்டும் டாம் தாத்தாவோடு ‘ட்ரைகார்ன்’ என்ற கப்பலில் கிளம்புகிறார்கள். தாத்தா செவ்வாய்க் குடியரசின் செனட்டர். சுற்றுலா என்பது வெளிப்பூச்சு, அவர் போவது ஒரு ரகசிய அரசியல் பேச்சுவார்த்தைக்கு. வழியில் வெள்ளி கிரகத்தில் அவரை மடக்குவதற்காகப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள். கிளார்க் கையில் ஒரு அணுகுண்டு இருக்கிறது. அதை வெடிக்க வைத்துவிட்டு ஓடுவதுதான் திட்டம். ஓடும்போது, வெள்ளியில் வாழும் ஒரு சின்ன உயிரின் குட்டி அங்கேயே கிடக்கிறதே என்று பாட்கெய்ன் திரும்பிப் போகிறாள். குண்டு வெடிக்கிறது.

ஹைன்லைன் முதலில் எழுதியதில் அவள் இறந்துபோகிறாள். பதிப்பகத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. இளம் வாசகர்கள் கையில் போகிற புத்தகத்தில் இப்படிப்பட்ட பெண்ணைக் கொல்லக் கூடாது என்றார்கள். ரோமியோவும் ஜூலியட்டும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று கதையை மாற்றுவதற்குச் சமம் இது என்று அவர் தன் முகவருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். கடைசியில் மனசே இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். புத்தகமாக வந்ததில் அவள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பிழைத்துவிடுவாள் என்கிற நம்பிக்கை இருக்கிறது. அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1993-ல், பேன் பதிப்பகம் இரண்டு முடிவுகளையும் ஒரே புத்தகத்தில் போட்டு, எது சரி என்று வாசகர்களையே கட்டுரை எழுதச் சொன்னது. 1995 பதிப்பில் அதில் இருபத்தைந்து கட்டுரைகளைச் சேர்த்தார்கள். ஜெயித்தது எது தெரியுமா? அவள் சாகிற முடிவு. எழுத்தாளர் நினைத்ததை நினைத்தபடி எழுத விட்டிருக்க வேண்டும், மாற்றியதால் ஒரு சோகக் கதை வெறும் சாகசக் கதையாகிவிட்டது என்று வாசகர்கள் வாதாடினார்கள்.

இதுவரைக்கும் எனக்கும் தெரிந்த கதைதான். நானும் ரொம்ப வருஷம் ‘சாக வேண்டும்’ கட்சியில்தான் இருந்தேன். எழுத்தாளனின் கையைப் பிடித்து முறுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் அக்கா மகளுக்கு இதைப் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குப் பாட்கெய்னின் வயசுதான். முதல் நாள் ராத்திரியே பாதியைத் தாண்டிவிட்டாள். நடுவில் எழுந்து வந்து, கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்குள் இவள் எப்படிப் பேசிப் பேசி நுழைந்தாள் தெரியுமா என்று எனக்கே கதை சொன்னாள். இரண்டாம் நாள் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் புத்தகம் மேசை மேல் குப்புறக் கிடக்கிறது. “என்ன ஆச்சு, கடைசிக்கு வந்துட்டியா?” என்றேன். “இல்ல சித்தி. இவ கேப்டன் ஆகப்போறேன்னுதானே சொன்னா? இப்ப என்ன இப்படிப் பேசுறா?” என்றாள்.

எந்தப் பக்கம் என்று எடுத்துப் பார்த்தேன். குண்டுக்கு இன்னும் எவ்வளவோ பக்கம் இருக்கிறது, வெள்ளிக்கே போய்ச் சேரவில்லை. சூரியப் புயல் அடிக்கிற இடம் அது.

அந்தக் காட்சி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதிர்வீச்சு வருகிறது என்று கப்பலில் எச்சரிக்கை. எல்லாரையும் கப்பலின் பாதுகாப்பான பகுதிக்குள் அடைக்கிறார்கள். நெரிசல், குழந்தைகளின் அழுகை. பாட்கெய்ன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். துணி மாற்றுகிறாள், பால் கொடுக்கிறாள், அழுகிறதைத் தூக்கி வைத்துச் சமாதானம் செய்கிறாள். நல்லாவே செய்கிறாள். அதை எழுதியிருக்கிற விதத்திலும் குறை சொல்ல முடியாது. புயல் ஓய்ந்த பிறகு டைரியில் யோசிக்க ஆரம்பிக்கிறாள். கணக்குச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுவதைவிடக் குழந்தை எவ்வளவோ சந்தோஷம் என்கிறாள். கப்பல்களுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும்தானே, அதை நடத்துகிற ஆளாகப் போனால் என்ன, கேப்டன் வேலைக்கு முட்டி மோதுவதைவிட அது நடக்கக்கூடிய காரியம் இல்லையா என்று மெல்ல மெல்லத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி இறங்கி வருகிறாள்.

இதைப் படித்தபோது என் வயசு பதினெட்டோ பத்தொன்பதோ. எனக்கு எதுவும் உறைக்கவில்லை, அதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. பொறுப்பு வந்துவிட்டது பார் என்று கூட நினைத்திருப்பேன். என் அக்கா மகளுக்கு ஒரே வாசிப்பில் உறைத்திருக்கிறது. கேப்டன் ஆகப்போன பெண் அந்த அறையிலேயே முடிந்துபோனாள். அப்புறம் வெடிக்கிற குண்டு யாரைக் கொன்றால் என்ன, யாரைப் பிழைக்க வைத்தால் என்ன? அவளுடைய ஆசையை நூறு பக்கத்துக்கு முன்னாலேயே கழற்றி வைத்துவிட்டார்களே. வருஷக்கணக்காக நாம் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

மனசு மாறுவது மனித இயல்பு, பதினைந்து வயசில் யார்தான் ஒரே கனவில் நிற்கிறார்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது கீழான வேலை என்று நான் சொல்லவே இல்லை. அவளாக மாறியிருந்தால் எனக்குச் சண்டை கிடையாது. அவள் மாறவில்லை, மாற்றினார்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகத்தின் கடைசிக்குப் போய் டாம் தாத்தா என்ன பேசுகிறார் என்று பாருங்கள். பிள்ளைகளின் அப்பாவைப் பிடித்துத் திட்டுகிறார். பிள்ளை வளர்க்க நேரமில்லாதவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளக் கூடாது என்கிறார். அதோடு விட்டிருந்தால்கூடச் சரி, பாதி நியாயம் இருக்கிறது. பாலம் கட்டுவதும் விண்வெளி நிலையம் கட்டுவதும் இருக்கட்டும், ஒரு பெண்ணுக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்று உன் மனைவியிடம் சொல் என்கிறார். அப்பாவும்தான் எப்போது பார்த்தாலும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் திட்டு உண்டு. ஆனால் ஆணுக்கு இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இது அந்தக் கதாபாத்திரத்தின் குரல், எழுத்தாளரின் குரல் இல்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. முகவருக்கு எழுதிய கடிதத்திலேயே ஹைன்லைன் சொல்லியிருக்கிறார்: இந்தக் கதையின் உண்மையான சோகம் அந்த அம்மாதான், தொழிலில் பெரிய ஆளாகிவிட்டு பிள்ளைகளைச் சரியாக வளர்க்காமல் விட்டவள், அதனால்தான் பையன் மனிதத்தன்மை இல்லாமல் வளர்ந்தான், அக்கா செத்தால்தான் அவன் திருந்துவான் என்கிற அர்த்தத்தில். யோசித்துப் பாருங்கள். இவள் செத்தால் தம்பி மனுஷன் ஆவான். அதற்காக ஒரு பெண் வளர்ந்து, சிரித்து, ஆசைப்பட்டு, இருநூறு பக்கத்துக்கு டைரி எழுதியிருக்கிறாள். செத்தாலும் பிழைத்தாலும் அந்தக் கணக்கில் அவள் தம்பிக்கான பாடம்தான்.

அந்தக் காலம் அப்படி என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இது ‘இஃப்’ பத்திரிகையில் 1962 நவம்பரிலிருந்து 1963 மார்ச் வரை தொடராக வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 1962 ஜூலையில், விமானம் ஓட்டுவதில் கைதேர்ந்த ஜெர்ரி காப் போன்ற பெண்கள், எங்களையும் விண்வெளிக்கு அனுப்புங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நின்று கேட்டார்கள். பூமியைச் சுற்றிவந்த ஜான் கிளென் அதே இடத்தில், பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் நிதர்சனம் என்று சாட்சி சொன்னார். கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. புத்தகம் வந்த அதே 1963-ல், ஜூன் 16-ம் தேதி, சோவியத் நாட்டின் வலன்டீனா தெரஷ்கோவா வாஸ்தோக் 6 விண்கலத்தில் தனியாகப் போய் பூமியை 48 முறை சுற்றிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு 26 வயசு. அதாவது கேட்கிற பெண்ணும் அந்தக் காலத்தில் இருந்தாள், போய்விட்டு வந்த பெண்ணும் இருந்தாள். அமெரிக்க விண்கலம் ஒன்றுக்குப் பெண் தளபதி வர 1999 ஜூலை வரை ஆயிற்று, ஐலீன் காலின்ஸ். பாட்கெய்ன் ஆசைப்பட்டு 36 வருடம்.

அறிவியல் தப்புகளுக்காக இந்தப் புத்தகத்தை அடிப்பவர்களோடு மட்டும் எனக்கு ஒட்டாது. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1962 டிசம்பர் 14 அன்று, மரைனர் 2 என்ற ஆளில்லா விண்கலம் வெள்ளியைக் கடந்து போய் அங்கே கொதிக்கிறது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு நமக்குத் தெரியும், தரையில் 460 டிகிரிக்கு மேல். கடைசி அத்தியாயம் அச்சாவதற்கு முன்னாலேயே அந்த வெள்ளி இல்லாமல் போய்விட்டது. அதற்கு அவர் என்ன செய்வார்?

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் அந்தப் பெண் கையில் கொடுத்தாய் என்று கேட்டால், பாட்கெய்னின் குரலுக்காகத்தான் கொடுத்தேன். ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. துடுக்கு, கொஞ்சம் தற்பெருமை, எதையும் கவனித்துப் பார்க்கிற கண், தம்பி மேல் எரிச்சலும் விட்டுக்கொடுக்காத பாசமும். அவள் நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரிகளின் ரத்தம் கலந்தவள், டாம் தாத்தா கறுத்த நிறம். கப்பலில் சில பணக்கார அம்மாக்கள் இவர்களுடைய நிறத்தையும் பிறப்பையும் பற்றிக் கேவலமாகப் பேசுவதை இவள் ஒட்டுக்கேட்க நேர்கிற இடத்தைப் படித்துப் பாருங்கள். அழுகையை அடக்கிக்கொண்டு, தாத்தா காதுக்குப் போகக் கூடாது என்று அவள் தவிக்கிற தவிப்பு. 1963-ல் அமெரிக்காவில் இளைஞர்கள் படிக்கிற கதையில் இப்படி ஒரு பெண்ணை நாயகியாக வைத்தது சாதாரணம் இல்லை. அதை வைத்தவரும் இவர்தான், அவளைக் காப்பக அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியவரும் இவர்தான். கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை.

ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள், இதை ஒரு ஆணின் கற்பனையில் வந்த பொம்மைப் பெண் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொம்மையாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வருமா? அவளை அவ்வளவு உயிரோடு எழுதிவிட்டார். உயிரோடு இருக்கிற பெண் இப்படி இறங்கி வரமாட்டாளே என்று படிக்கிறவளுக்குத் தெரிந்துவிடுகிறது, அங்கேதான் எங்கேயோ இடிக்கிறது. பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே பெண்ணைத்தான் நேசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அக்கா மகள் ஒரு வாரம் கழித்து மீதியைப் படித்து முடித்தாள். என்னிடம் இருப்பது இரண்டு முடிவும் உள்ள பதிப்பு. எது பிடிச்சது என்று கேட்டேன். இரண்டையும் படித்ததாகச் சொன்னாள். “ரெண்டுலயுமே கடைசிப் பக்கத்தை கிளார்க்தான் எழுதுறான் சித்தி. அவ டைரிதானே அது?” என்றாள். பதினைந்து வருஷமாக இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

இங்கே படித்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். செத்தாளா பிழைத்தாளா என்பதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். அந்தப் புயல் காட்சியை முதல் தடவை படித்தபோது உங்களுக்கு ஏதாவது உறைத்ததா, என்னைப்போலத் தாண்டிப் போனீர்களா? எந்த வயசில் படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.