கனடாவில் மருத்துவம் முழுக்க இலவசமா?

"கனடா சோசலிச நாடு. டாக்டர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள். மாத்திரை, பல், கண்ணாடி எல்லாமே இலவசம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அங்கே பெரும்பாலான டாக்டர்கள் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். நோயாளியைப் பார்த்துவிட்டு மாகாண அரசின் காப்பீட்டுக்குப் பில் அனுப்புகிறார்கள். அதாவது, பணம் கட்டுவது அரசு; வைத்தியம் செய்வது பெரும்பாலும் தனியார். சோசலிசத் தொடர்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சஸ்காச்சுவான் மாகாணத்தில், அதன் முதல்வராக இருந்த டாமி டக்ளஸின் இடதுசாரிக் கட்சி தொடங்கி வைத்த திட்டம்தான் இது. 1962இல் அது நடைமுறைக்கு வந்தபோது டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் 1966இல் நாடு முழுக்க அதற்குச் சட்டம் கொண்டுவந்தது லிபரல் அரசு.

1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் உறுதி செய்வது, அவசியமான டாக்டர், மருத்துவமனைச் சேவைகளை மட்டுமே. வெளியே வாங்கும் மருந்து, பல், கண்ணாடி அதில் சேராது. வயது, வருமானத்தைப் பொறுத்துத் தனி உதவித் திட்டங்கள் உண்டு. மற்றவர்களுக்கு வேலையிடத்துக் காப்பீடு அல்லது கைக்காசு.

எனக்குப் பெரிய கவலை, பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகும் நம் பெற்றோரைப் பற்றித்தான். அவர்களுக்கு மாகாணக் காப்பீடு கிடையாது. இந்தச் செய்தியை நம்பிக் காப்பீடு எடுக்காமல் போனால், ஒரு நெஞ்சுவலிக்கே குடும்பம் கடனாளியாகிவிடும்.

சட்டத்தின் முழு வாசகம் கனடா நீதித்துறை இணையதளத்தில் இருக்கிறது. யாருக்கு எது கிடைக்கும் என்பதை அந்தந்த மாகாண சுகாதார அமைச்சகத்தின் பக்கத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.