கோழித் திருட்டு

கான்டனீஸ் மொழியில் ‘தௌ கை’ என்றொரு சொல் உண்டு. நேர்ப்பொருள், கோழி திருடுவது. வேலை நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நழுவுவது, வகுப்புக்கு மட்டம் போடுவது, அரைகுறையாக முடித்துவிட்டு முழுதும் செய்ததுபோல் நிற்பது எல்லாமே ஹாங்காங்கில் கோழித் திருட்டுதான். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. சொல்லில் முழு உடன்பாடு.

வேலையை ஏய்ப்பதைச் சோம்பல் என்று மழுப்பாமல் திருட்டு என்கிறது அந்த மொழி. ‘வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு’ என்ற நம் பழமொழியும் அதைத்தான் சொல்கிறது. (பெண்ணை மட்டும் குத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.)

ஓய்வெடுப்பவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹாங்காங் கட்டடத் தொழிலாளருக்குப் பிற்பகல் 3:15 தேநீர் வேளை. நிமிட முள் மூன்றில் நிற்பதால் அதற்கு ‘சாம் திம் சாம்’, அதாவது ‘மூன்று மணி மூன்று’ என்றே பெயர். ஊரறியக் குடிக்கும் தேநீர் அது, உழைத்தவரின் உரிமை.

திருட்டு வேறு. 2018இல் ஹூங் ஹாம் ரயில் நிலையக் கட்டுமானத்தில் அது வெளிப்பட்டது. இரும்புக் கம்பியின் நுனியில் மரை, அதாவது திருகுப் புரி, இருக்கும். அதை இணைப்பானுக்குள் கடைசிவரை திருகி ஏற்ற வேண்டும். சில கம்பிகளில் மரையை வெட்டிவிட்டு, முழுதாகத் திருகியதுபோல் காட்டியிருந்தார்கள். மேலே கான்கிரீட் விழுந்துவிட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? விசாரணை ஆணையம் அமைத்து, கான்கிரீட்டை உடைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கட்டுமானம் பாதுகாப்பானதுதான் என்று ஆணையம் சொன்னது. ஒப்பந்தப்படி வேலை நடக்கவில்லை என்றும் சொன்னது. முதல் பாதியைப் படித்துவிட்டு நிம்மதியடைய என்னால் முடியவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்பே, 1999இல், ஷா டினில் உள்ள யுவன் சௌ கொக்கில் அடித்தளத் தூண்களை உரிய ஆழத்துக்கு இறக்காமல் விட்டது அம்பலமானது. மேலே 30 மாடிக்கு மேல் எழுந்துவிட்ட இரண்டு குடியிருப்புக் கட்டடங்களை இடிக்க நேர்ந்தது. வீட்டுவசதி ஆணையத் தலைவர் ரோசன்னா வோங் 2000இல் பதவி விலகினார்.

கோழி திருடப் போனவன் கோழியும் கிடைக்காமல், அதைப் பிடிக்கத் தூவிய கைப்பிடி அரிசியையும் இழந்தான் என்று கான்டனீஸ் பழமொழி சொல்லும். அதில் போவது திருடனின் அரிசி. யுவன் சௌ கொக்கில் போனது யாருடையது? அந்த இரண்டு கட்டடங்களும் சாதாரணக் குடும்பங்கள் சொந்தமாக வீடு வாங்குவதற்காக அரசு கட்டியவை.