யாருமே கிளிக் பண்ணலை சார்!

லிங்கைத் தொடாதே, கிளிக் பண்ணாதே! மின்தூக்கியில் ஒரு சுவரொட்டி, பேன்ட்ரியில் ஒரு சுவரொட்டி, போதாததற்கு வருடா வருடம் ஆன்லைன் வகுப்பு, முடிவில் பரீட்சை. எங்கள் ஆபீஸில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காகூட நூற்றுக்கு நூறு. சரி, நல்லதுதான். கிளிக்கே தேவைப்படாத ஓட்டைக்கு எந்த வகுப்பு நடத்துவீர்கள்?

2024 ஆகஸ்ட்டில் விண்டோஸில் வெளிவந்த ஐபிவி6 ஓட்டையைச் சொல்கிறேன். ஐபிவி6 என்பது கம்ப்யூட்டர்களுக்கு இணையத்தில் முகவரி கொடுத்துப் பேசவைக்கும் புதிய முறை. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2024-38063. அபாய மதிப்பெண் பத்துக்கு 9.8. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் கோணல்மாணலான பாக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலங்களை, அனுப்பினால் போதும். நீங்கள் எதையும் திறக்க வேண்டாம். கோளாறு அந்தப் பொட்டலங்களைக் கையாளும் டிசிபிஐபி.சிஸ் டிரைவரில், அதாவது விண்டோஸின் இதயமான கெர்னலுக்குள்ளேயே. காரணம்? கழித்தல் கணக்கு! மைனஸே இல்லாத 16 பிட் கணக்கில் (0 முதல் 65535 வரைதான், பூஜ்யத்துக்குக் கீழே போனால் மேலிருந்து சுற்றி வரும்) 5-லிருந்து 8-ஐக் கழித்துப் பாருங்கள், 65533 வரும். அப்படி ஊதிப்போன அளவை நம்பி மெமரியில் கைவைத்தால் என்ன ஆகும்? 2024-லும் இதைச் சரிபார்க்காத புரோகிராம்தான் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் விண்டோஸின் சொந்த ஃபயர்வாலில் ஐபிவி6-ஐத் தடுத்தாலும் பயனில்லை. ஃபயர்வால் பார்ப்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்தவரே சொன்னார். வாட்ச்மேனைப் படுக்கையறையில் உட்காரவைத்த கதை!

சரியான மருந்து: அப்டேட், அப்புறம் ரீஸ்டார்ட். அமெரிக்காவில் செவ்வாய் காலை வெளியிட்டால் எங்கள் சிங்கப்பூரில் புதன் அதிகாலை ஒரு மணி. விடிந்ததும் பாஸிடம் போய்க் கேட்டேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ரீஸ்டார்ட் பண்ணிவிடலாமா என்று. "இன்னைக்கு ஷிப்மென்ட் இருக்கு, மாசக் கடைசியில பார்க்கலாம்." மாசக் கடைசியில் கேட்டால் கணக்கு முடிக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு கேட்டால் ஆடிட்டாம்! இப்படித்தான் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். "பிறகு நினைவூட்டு" பொத்தானை மட்டும் எல்லோரும் தவறாமல் கிளிக் பண்ணுகிறார்கள், அதற்குச் சுவரொட்டி கிடையாது.

ஆனால் அந்த வகுப்பு என்றால் மட்டும் முக்கால் மணி நேரம் ஆபீஸே நிற்கலாம். சான்றிதழை ஆடிட்டரிடம் நீட்டலாமே! ரீஸ்டார்ட்டுக்கு யார் சான்றிதழ் தருகிறார்கள்?

போன வாரம் பிரிண்டர் நின்றுபோனது. பாஸ் கேட்ட முதல் கேள்வி, "யாரு எதை கிளிக் பண்ணீங்க?"

பேப்பர் தீர்ந்துபோச்சு சார், பேப்பர்!