வேலை போனால் மாவாட்ட வேண்டியதுதானாம்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். வீட்டிலேயே கோதுமை அரைத்துச் செய்து நான் கொண்டுபோன பிரெட்டைப் பாதியாக வெட்டிப் படம் பிடித்து, "செங்கல் விற்பனைக்கு" என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். 40 பேர் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். பின்னாலேயே ஒரு குரல் பதிவு வந்தது. "கோதுமையை வீட்டுலயே அரைக்கிறாராம். எல்லாம் பந்தா. வேலை போனா மாவாட்ட வேண்டியதுதானுங்களே."

பிரெட் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் கோதுமையை வீட்டில் அரைப்பது பந்தா இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கோதுமை மணியில் மூன்று பாகம். மேல்தோலான தவிடு ஏறக்குறைய 14 சதவீதம். முளை 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் உள்ளே இருக்கிற வெள்ளை மாவுப் பகுதி. மைதா என்பது அந்த வெள்ளைப் பகுதி மட்டும்தான். முளையில் எண்ணெய் இருக்கிறது. மணி முழுசாக இருக்கிறவரை அந்த எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது, டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். உடைத்துவிட்டால் காற்றுப் பட்டு, நாளாக நாளாகக் காறல் வாடை வந்துவிடும். 1870-களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் பக்கம் இரும்பு உருளை ஆலைகள் பெருகியபோது முளையையும் தவிட்டையும் எளிதாகப் பிரித்துத் தள்ளினார்கள். மாவு கெடாமல் கப்பலேறியது. அது வியாபாரத்துக்கு வேண்டியதாக இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு மாவைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. காலையில் அரைத்து மதியம் பிசைகிறேன். முழு மாவை அரைத்துச் சீக்கிரம் பயன்படுத்திவிடுவது நல்லது, அதனால் அரைக்கிறேன். இதில் பந்தா எங்கே இருக்கிறது?

சரி, செங்கல் விஷயம். அந்தப் பிரெட் கனமாக இருந்தது உண்மைதான். அன்றைக்கு அம்மா ஆசைப்பட்டதால் பாதிக்குப் பாதி சம்பா கோதுமை போட்டேன். சம்பாவின் பசைத்தன்மைக்கு வலு போதாது, பிசைந்தால் இழுபடாமல் அறுந்துவிடும், உப்பாது. எப்போதும் சப்பாத்திக்குப் போடும் லோக்வான் ரகக் கோதுமை ஏழு பங்கு, சம்பா மூன்று பங்கு என்றுதான் போடுவேன். போதாக்குறைக்குத் தவிட்டின் ஓரங்கள் கத்தி மாதிரி, மாவுக்குள் அந்தப் பசையால் உருவாகி உப்ப வைக்கும் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் பெரிய தவிட்டைச் சலித்தெடுத்து, வெந்நீரில் ஊற வைத்து, பிறகு திரும்பச் சேர்க்கிறேன். 100 கிராம் மாவுக்கு 80 கிராம் தண்ணீர். உப்பும் ஈஸ்ட்டும் சேர்ப்பதற்கு முன்னால் மாவும் தண்ணீரும் மட்டும் ஒரு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. முதல் இருபது பிரெட் நிஜமாகவே கல்தான். அதையும் நானும் அம்மாவும் சுட்டு, நெய் தடவிச் சாப்பிட்டோம், ஒன்றைக்கூடக் கொட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனது நூறு பிரெட்டுக்கு மேல் செய்து பழகிய பிறகு செய்தது. கனமாக இருந்தது, ஆனால் வெந்திருந்தது, வாசனை இருந்தது. வாயில் வைத்துப் பார்த்தவர்கள் மூன்று பேர். சிரித்தவர்கள் 40 பேர்.

"மில்லில் கொடுத்து அரைக்கலாமே, எதற்குத் தனி மெஷின்?" என்று ஒரு அக்கா நிதானமாகவே கேட்டார். அவருக்கு நிதானமாகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் இருந்த மாவு மில் மூடி ஐந்து வருடம் ஆகிறது. இப்போது இருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி. இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் அரைக்க மாட்டார்கள். முன்னால் யாராவது கம்பு அரைத்திருந்தால் நம் மாவில் முதல் இரண்டு கைப்பிடி கம்புதான். இன்னொன்று, கல் மில்லில் இறுக்கி அரைக்கும்போது மாவு கை பொறுக்காத சூட்டில் வரும், மாவுச்சத்தின் துகள்களும் நிறைய உடையும். சப்பாத்திக்கு அதுதான் நல்லது, தண்ணீரை நன்றாக இழுத்துக்கொண்டு மெத்தென்று வரும். பிரெட்டுக்கு அதே மாவு பிசுபிசுத்துப் போய் நடுவில் களி மாதிரி நிற்கும். என் மெஷினில் கல் கிடையாது, எஃகுத் துண்டுகள் சுழன்று அடித்து நொறுக்கி, சல்லடை வழியாக இறக்கும். கோதுமையை முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், சூடு ஏறாது. எனக்கு வேண்டிய பதத்தில் வேண்டிய அளவு மட்டும், 450 கிராம் என்றால் 450 கிராம்.

"பாக்கெட் ஆட்டாவிலும் எல்லாச் சத்தும் இருக்கிறதே" என்பவர்களுக்கு: வாங்குங்கள், சாப்பிடுங்கள். நான் யாரையும் தடுக்கவில்லை.

"கோதுமை நம்ம சாப்பாடே இல்லையே" என்றும் ஒருவர். திருநெல்வேலி அல்வா எதில் செய்கிறார்கள்? சம்பா கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்துத்தானே? நீலகிரி வெலிங்டனில் கோதுமைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மலையில் விளைந்த தானியம் இது. இதற்கு மேல் இவருக்குப் பதில் இல்லை.

இது பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொன்னதுதான் இருக்கிறதிலேயே வலித்தது. கோதுமை கிலோ 48 ரூபாய்க்கு வாங்குகிறேன். ஒரு பிரெட்டுக்கு 22 ரூபாய்க்குக் கோதுமை, கொஞ்சம் நல்லெண்ணெய், உப்பு, ஈஸ்ட், ஒரு யூனிட் கரண்ட். கடை பிரவுன் பிரெட் இதைவிட விலை அதிகம், எடை குறைவு. அதன் உறையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பலவற்றில் முதலில் இருப்பது மைதாவாகத்தான் இருக்கும், நிறத்துக்குக் கேரமல் சேர்த்திருப்பார்கள். 2016-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பாவ், பன் என்று 38 மாதிரிகளைச் சோதித்ததில் 32-ல் மாவைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமான பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அந்த வருடமே புரோமேட்டைத் தடை செய்தார்கள். அப்போது யாரும் அந்த பிரெட்டைப் படம் பிடித்துச் செங்கல் என்று எழுதவில்லை. தண்ணீர் போக நாலே பொருளில் செய்த என் பிரெட்டைத்தான் எழுதத் தோன்றியது.

மெஷின் விலை 18,000 ரூபாய். எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 22 வருடம் வேலை பார்த்த இடத்தில் கணக்கு முடித்துக் கையில் கொடுத்த பணத்தில் வாங்கினேன். வீட்டுக் கடனுக்குப் போக மிச்சம் இருந்ததில் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. பட்டறையில் மோட்டார் பாகங்களை அளந்து அளந்து பழகிய கை, வேலை நின்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மாவையும் தண்ணீரையும் தராசில் நிறுத்துப் போட்டால் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

மாவாட்டுவது என்றால் என்ன கேவலம்? இது கோயம்புத்தூர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அந்த மெஷினைச் செய்து சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் கிரைண்டர் வருவதற்கு முன்னால் அம்மா விடிகாலை நாலு மணிக்கு ஆட்டுக்கல்லில் உட்காருவார். ஆறு பேருக்கு மாவாட்டிவிட்டு, அப்புறம் கோதுமையைக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டு, கல் பொறுக்கி, முறத்தில் புடைத்து, என் தலையில் டின்னை ஏற்றி மில்லுக்கு அனுப்புவார். "பக்கத்திலேயே நில்லு கண்ணு, மிளகாய் அரைச்ச கையோட போட்டுறப் போறாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். நானும் நிற்பேன். திரும்பி வரும்போது டின் சுடும், சும்மாட்டையும் தாண்டித் தலையில் சூடு தெரியும். அந்த மாவில் அன்று ராத்திரியே சப்பாத்தி. அந்த வாசனையை நான் திரும்பப் பிடித்தது இந்த மெஷின் வாங்கிய பிறகுதான்.

அம்மா பந்தாவுக்கா அரைத்தார்? அவர் ஆயுசுக்கும் செய்த வேலையை எடுத்துத்தான் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒரு ஆம்பளையைக் கேவலப்படுத்த, "மாவாட்டுகிறான்" என்று சொன்னால் போதும் என்று எப்படித் தோன்றியது? சொன்னவர் வீட்டிலும் யாரோ மாவாட்டித்தானே அன்று காலை இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்?

அந்தக் குரல் பதிவை அம்மாவும் கேட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் காட்டியிருக்கிறான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை காப்பியோடு அந்த பிரெட்டில்தான் ஒரு துண்டு எடுத்துத் தொட்டுச் சாப்பிட்டார். "சம்பா கொஞ்சம் கூடிப்போச்சு கண்ணு, அடுத்த தடவை கம்மியாப் போடு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அரைக்கிறேன். சம்பா மூன்று பங்குதான். குரல் பதிவு போட்டவருக்கு என் வீட்டுக் கதவு தெரியும். இரண்டு மாடி ஏறி வந்து நேரில் சொல்லியிருந்தால், ஏன் கனமாக வந்தது என்று அவருக்கும் சொல்லியிருப்பேன்.