டேப்புக்கு இரண்டு முனை

அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யட்டும் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஒத்தாசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தனியார் பள்ளியிலிருந்து வந்தவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: “எங்க பசங்க வாரம் ஒரு நாள் வந்து உங்க பசங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கட்டுமே.” அரசுப் பள்ளித் தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே கேட்டார்: “ரொம்ப சந்தோஷம் சார். எங்க பசங்க உங்க பசங்களுக்கு என்ன எடுக்கணும்?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி. வழக்கமாக நடப்பது என்ன? பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மரக்கன்று நடுவார்கள், பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அங்கேயே இருக்கிற பிள்ளைகள்தான். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ‘நான் கொடுத்து வைத்தவன்’ என்று ஒருவன் வீட்டுக்குப் போவான். ‘நான் வாங்கிக்கொள்கிற ஆள்’ என்று இன்னொருவன் வீட்டுக்குப் போவான். இது இருவருக்கும் முன்பே தெரிந்ததுதான். இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

சேர்த்து உட்கார வைத்தால் தானாகப் பழகிவிடுவார்கள் என்பதும் சரியில்லை. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினொரு பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து முகாம் நடத்தினார். போட்டி வைத்ததும் குழுக்கள் முட்டிக்கொண்டன, ஒரு குழுவின் கொடியை இன்னொன்று எரிக்கிற அளவுக்கு. அப்புறம் சமாதானத்துக்காகச் சேர்ந்து சாப்பிட வைத்தார்கள், படம் பார்க்க வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாட்டையே எடுத்து ஒருவர் மீது ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றபோதும், வண்டி கிளம்பாமல் நின்றபோதும்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்த வண்டியை இரண்டு குழுவும் சேர்ந்து இழுத்தார்கள். எந்தக் கயிற்றால் தெரியுமா? முன்பு ஒருவரை எதிர்த்து ஒருவர் கயிறு இழுக்கும் போட்டி நடத்தினார்களே, அதே கயிற்றால்.

(அந்தச் சிக்கல்களையெல்லாம் ஏற்பாடு செய்தவர்கள் பெரியவர்களே. தாங்கள் ஒரு ஆய்வில் இருக்கிறோம் என்பது பையன்களுக்குத் தெரியாது. இன்று அப்படிச் செய்தால் பெற்றோர் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த 22 பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நம் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் அப்படியில்லை. ஷூ, பை, மொழி, மதியம் திறக்கிற டப்பா எல்லாம் வேறு. அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் சொன்னது இங்கேதான் உதவுகிறது. வேறு வேறு கூட்டத்து மனிதர்கள் பழகுவதால் முன்முடிவு குறைய வேண்டுமென்றால் பொது இலக்கும், கூட்டு உழைப்பும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அத்தனையோடு, அந்த வேலைக்குள்ளாவது இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும் என்றார். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இரண்டு பள்ளியைச் சுற்றியும் உள்ள நடைபாதைகளை அளந்து, சக்கர நாற்காலி எங்கே போகும், எங்கே போகாது என்று வரைபடம் போடுவது என முடிவானது. யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. எல்லாவற்றையும்விட, 30 மீட்டர் டேப்பைத் தனி ஆளாகப் பிடிக்க முடியாது. ஒருவர் பூஜ்ஜிய முனையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மறுமுனையில் படித்து எழுத வேண்டும். முனையைப் பிடித்தவர் அரை அடி நகர்ந்தால் படிப்பவரின் கணக்கு போச்சு. ஜோடிக்கு ஒருவர் இந்தப் பள்ளி, ஒருவர் அந்தப் பள்ளி. வாரா வாரம் முனையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தலைமையாசிரியை போட்ட விதி.

இரண்டாவது வாரமே சண்டை வந்தது. உடைந்து கிடந்த ஒரு துண்டுப் பாதையின் நீளத்தை ஒரு ஜோடி 12.4 மீட்டர் என்று எழுதியிருந்தது. சரிபார்க்கப் போன இன்னொரு ஜோடிக்கு 12.04 வந்தது. டேப்பில் இருந்தது 12 மீட்டர் 4 சென்டிமீட்டர். அதைப் புள்ளி போட்டு எழுதும்போது நடுவில் ஒரு பூஜ்ஜியம் தொலைந்து, பாதை 36 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. “நான் சரியாத்தான் சொன்னேன்”, “நீ சொன்னதைத்தானே எழுதினேன்” என்று நடுரோட்டில் ஒரே களேபரம். தப்பு செய்தவர் எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் இதற்குள் மனதில் ஒரு பள்ளியை முடிவு செய்திருந்தால், ஏன் அதை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருவரும் திரும்பப் போய் அளந்தார்கள். நோட்டில் பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை.

இதெல்லாம் எட்டு வாரத்து உற்சாகம், நிலைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெல்லியில் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்ட பிறகு என்ன நடந்தது என்று கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் பார்த்தார். 2019-இல் கட்டுரை வெளிவந்தது. ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகள் மற்றவர்களுக்கு உதவுவதில் கூடுதல் தாராளமாக இருந்தார்கள். ரிலே ஓட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது ஏழைப் பிள்ளையைத் தவிர்ப்பதும் குறைந்திருந்தது. எனக்குப் பிடித்தது இதில் ஒரு சின்ன நுணுக்கம். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் எழுத்து வரிசைப்படி பிரித்திருந்தார்கள். அதனால் யார் யாரோடு உட்கார்ந்து வேலை செய்தார் என்பது தற்செயலாக அமைந்தது. நேருக்கு நேர் பழகியதன் பலனை அவரால் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்ததோடு, ஒரே குழுவில் கிடந்து உழன்றதும் கணக்கில் வந்தது.

எங்கள் திட்டத்தில் சொதப்பலுக்கும் குறைவில்லை. இரண்டு பள்ளியின் பரீட்சை அட்டவணையும் ஒத்துவராமல் இரண்டு சனிக்கிழமை போயிற்று. வெயிலில் அலையவிடுகிறீர்களே என்று சில பெற்றோர் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் ஒரு பள்ளியிலிருந்து மட்டும் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அதே வெயில்தான். முதல் நாள் ஒரே வகுப்பு, ஒரே வயதுப் பையனை ஒருவன் “அண்ணா, நீங்க” என்று கூப்பிட, அவன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் “நீ” என்று பதில் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. ஐந்தாம் வாரம் இரண்டு பக்கமும் “டேய்” ஆகியிருந்தது. திட்ட அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கடைசியில் வரைபடத்தை அதிகாரிகளிடம் விளக்க ஆள் வேண்டும் என்றதும் பழைய புத்தி தலைதூக்கியது. நன்றாக இங்கிலீஷ் பேசுகிற பிள்ளையே பேசட்டும் என்றார் ஒரு ஆசிரியர். “அளக்கும்போது அதைப் பாக்கலையே மிஸ்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சீட்டுக் குலுக்கினார்கள். அந்த 12.4 ஜோடிக்கே விழுந்தது. பேசப் போனவனுக்குப் பாதியில் நா வறண்டு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவன் அவன் கையிலிருந்த நோட்டை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். உடைந்த பாதை வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பன்னிரண்டு புள்ளி பூஜ்ஜியம் நான்கு மீட்டர்” என்றான், அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் தேவைக்கு மேல் அழுத்தி.