பீனிசத்துக்கு வைக்கும் பலூன் தலைக்குள் தங்கிவிடாது

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பீனிசத்துக்கு, அதாவது சைனஸ் அழற்சிக்கு, மூக்கினுள் வைக்கும் பலூன் உள்ளேயே தங்கி, பிறகு வெடித்து, தண்ணீர் மூளைக்கு ஏறுமாம். இது பிழை.

அந்தப் பலூனை யாரும் உள்ளே விட்டுவருவதில்லை. மெல்லிய குழாயின் நுனியில் சுருங்கியபடி மூக்குத்துவாரம் வழியே போகும். மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸின் அடைபட்ட வாயிலில் உப்புநீர் ஏற்றிச் சில விநாடிகள் விரிப்பார்கள். பிறகு நீரை இழுத்து, பலூனைக் குழாயோடு வெளியே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2005இலேயே அனுமதி பெற்ற முறை இது. இரத்தக்கசிவும் தொற்றும் வரலாம். கண்ணுக்கோ மூளையுறைக்கோ சேதம் வருவது மிக அரிது.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மைதான். மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்குப் பலூன் மட்டும் போதாது. வெறும் தலையிடிக்காக இதைச் செய்யக்கூடாது, சீ.ரி. ஸ்கானில் சைனஸ் நோய் தெரிய வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018 அறிக்கையும் இதையே சொல்கிறது.

சந்தேகமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேளுங்கள். இந்தப் பயத்தில் கிளினிக் திகதியைத் தவறவிடும் வயதானவர்களை நினைத்தால்தான் கவலை. அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.